மாலை போடாத படம்

என் ஆசை அக்காவுக்கு,

நீ இருந்திருந்தால் இந்தக் கதையை நீதான் எல்லாரிடமும் சொல்லியிருப்பாய். நான் உன் முதுகுக்குப் பின்னால் நின்று தலையாட்டியிருப்பேன். இப்போது நானே சொல்ல வேண்டியிருக்கிறது.

ஒன்பதாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டுவிட்டேன், அக்கா. உனக்கு அப்புறம் என்னையும் பட்டாசு வேலைக்கு அனுப்ப அப்பாவுக்கு மனமில்லை. சித்தியோடு சிவகாசியில் ஒரு அச்சாபீசுக்குப் போகிறேன். நோட்டீஸ் மடிக்கிற வேலை. போன மாதம் மதுரையிலிருந்து ஒரு ஆர்டர் வந்தது. பிரெஞ்சுக் கலைவிழாவாம், பாட்டு, சாப்பாடு, புகைப்படக் கண்காட்சி. மடித்துக்கொண்டே வந்தவள் அப்படியே நின்றுவிட்டேன். ஓரத்தில் ஒரு சிரிப்பு. மூக்குக்குக் கீழே மட்டும்தான் அச்சாகியிருந்தது. ஆனால் நுனி உடைந்த அந்தப் பல் வேறு யாருக்கு இருக்கிறது?

"பிரான்சுக்காரம்மா ஒருத்தவுக வந்து என்னையப் படம் பிடிச்சாகடி" என்று நீ சொன்னபோது நாங்கள் நம்பவில்லையே!

அன்று முழுக்க உன் சிரிப்பையே மடித்தேன். கண்தான் இல்லை. வெடி விபத்தன்று உன் முகத்தை எங்களுக்குக் காட்டவில்லை, அக்கா. துணியைச் சுற்றியேதான் கொண்டுவந்தார்கள். வீட்டில் மாலை போட்டு மாட்டியிருப்பது பள்ளிக்கூட அடையாள அட்டையிலிருந்து பெரிதாக்கிய படம். அதில் யாரோ மாதிரி முறைக்கிறாய். உன் கண் எனக்குக் கொஞ்சம் கொஞ்சமாக மறந்துகொண்டே வந்தது. இதை யாரிடம் சொல்வது?

ஞாயிற்றுக்கிழமை சித்தியோடு மதுரைக்குப் பஸ் ஏறினேன். விழா வாசலில் ஒருவர் ஆர்மோனியம் மாதிரி ஒரு பெட்டியை நெஞ்சோடு கட்டிக்கொண்டு, விரித்து மடக்கி வாசித்தார். கூட்டத்தோடு போனது தண்ணீருக்குள் நடப்பது போலிருந்தது. ஒரு கடையில் தோசையை மெல்லிசாக வார்த்து, உள்ளே சாக்லேட் தடவிக் கொடுத்தார்கள்.

"தோசைக்குள்ள இனிப்பா! சட்னி கேட்டா வெரட்டிருவாக போல" என்றார் சித்தி. ஆனாலும் கடைசியில் விரலை நக்கினார்.

உள் அறையில் நீ இருந்தாய். கதவு உயரத்துக்கு. ஏழாயிரம்பண்ணையில் பட்டாசுக் கம்பெனி வேன் பக்கத்தில், கையில் தூக்குவாளி, புருவமெல்லாம் வெள்ளி நிறத்தில் வெடிமருந்துத் தூள். ஆமாம், சிரித்தால் உன் இடது கண் மட்டும் சின்னதாகிவிடும். இதைப் போய் எப்படி மறந்தேன்? யார் என்ன சொன்னார்கள், நீ அப்படிச் சிரிக்க? வெளியே கேட்ட பாட்டுக்கு நீ லேசாக அசைவது போலவே இருந்தது.

பார்க்க வந்தவர்கள் உன் முன்னால் வந்ததும் தானாகச் சிரித்தார்கள். "இவ சிரிக்கிறதப் பாருடி, நமக்கும் வருது" என்றாள் ஒரு காலேஜ் பெண். நீ போய்விட்டது அங்கே யாருக்கும் தெரியாது.

சித்தி கண்ணைத் துடைத்துக்கொண்டு பையிலிருந்து மல்லிகைச் சரத்தை எடுத்தார். பஸ் ஸ்டாண்டில் அதை வாங்கும்போது தலைக்கு என்றுதான் நினைத்தேன். உன் படத்தில் சாத்தக் கையைத் தூக்கினார்.

"வேண்டாம் சித்தி, வைக்காதீக!"

என் சத்தம்தான். அறையே திரும்பிப் பார்த்தது.

"ஏட்டி, என்னத்துக்குக் கத்துற? அவளுக்குப் பூ வைக்க வேண்டாமா?"

"வச்சா இங்கனயும் செத்துருவா, சித்தி."

சித்தியின் கை தானாகக் கீழே இறங்கியது.

விழாக்காரப் பெண் ஒருவர் வேகமாக வந்தார். "இவங்களை உங்களுக்குத் தெரியுமா?"

"எங்க அக்கா."

"அப்படியா! எப்படி இருக்காங்க?"

உன்னைப் பார்த்தேன். "நல்லா இருக்கா" என்றேன். பொய் சொன்ன மாதிரியே இல்லை, அக்கா.

படத்தில் ஒரு பிரதி எடுத்துத் தருவதாக அவர் சொன்னார். "வாங்கிக்க புள்ள" என்று சித்தி இடித்தார். எனக்கும் ஆசைதான், கை நீளப் பார்த்தது. ஆனால் வீட்டுக்கு வந்தால் அப்பா முதலில் ஆணி தேடுவார், அப்புறம் மாலை தேடுவார்.

"இல்ல, இங்கனயே இருக்கட்டும்."

இந்தப் படங்கள் அடுத்து புதுச்சேரிக்கும், பிறகு பிரான்சுக்கும் போகின்றனவாம். "அம்புட்டு தூரமா, தனியாவா?" என்றார் சித்தி.

போய்வா, அக்கா. உன் கண் மறுபடி மறந்துபோனால், நீ இருக்கிற ஊருக்கு நான் வருவேன். பஸ்ஸை நானே விசாரிப்பேன். தெரியாதவர்களிடம் வாய் திறந்து வழி கேட்பேன். சத்தியமாக.

உன் பின்னாலேயே நின்று பழகிய
தங்கச்சி