துடைத்த இலைகள்

மார்ச் 3, ஞாயிறு

பூசை முடிந்து எங்கள் முற்றத்தில் இருந்தவர்கள்: மாமியார், என் கணவர் அபேலார்தோ, கொழுந்தன் மனைவி எதெல்வினா, வேளாண் நிலையத்திலிருந்து வந்த இஞ்சினியரம்மா ரோசியோ, நான். கொழுந்தன் சுரங்க வேலையில், வரவில்லை.

எனக்கும் எதெல்வினாவுக்கும் ஆளுக்குப் பத்துத் தக்காளி நாற்று கொடுத்தார் இஞ்சினியரம்மா. மலைச்சரிவில் தானாக முளைக்கும் காட்டுத் தக்காளியை நம் தக்காளியோடு சேர்த்து உண்டாக்கியதாம். மருந்தே அடிக்கக்கூடாது. ஜூன் கடைசியில் யார் செடி நன்றாக நிற்கிறதோ, அவள் வீட்டில்தான் இந்தப் பள்ளத்தாக்குக்கே விதை இருக்கும்.

"எதெல்வினாகிட்ட குடுத்தாச்சுல்ல, இனி என்ன கவலை" என்றார் மாமியார். சூப் பரிமாறிக்கொண்டிருந்த என் முன்னாலேயே. நான் என்ன, கரண்டியா?

மார்ச் 19, சூசையப்பர் திருநாள்

இலையெல்லாம் சுணை, பூனைக்குட்டிக் காது மாதிரி. தொட்டால் பிசுபிசுப்பு, விரல் கறுக்கிறது, வாடை வேறு. அதில் வெள்ளை ஈக்கள் ஒட்டிச் செத்துக்கிடக்கின்றன. எதெல்வினா அப்படியே விட்டிருக்கிறாள். என் வீட்டில் அழுக்குக்கு இடமில்லை. சோப்புத் தண்ணீரும் துணியும் எடுத்து ஒவ்வொரு இலையாகத் துடைத்தேன். சோப்பு ஒரு கட்டி, மூன்றரை சோல். வீட்டுக் கணக்கில் இல்லை, நான் முட்டை விற்ற காசில்.

சுவருக்கு அந்தப் பக்கமிருந்து அவள்: "குளிப்பாட்டியாச்சாக்கா? சடை பின்னி ரிப்பன் கட்டலையா?"

சிரிக்கட்டும்.

ஏப்ரல் 7

"பெரியவ செடி எப்படிப் பளிச்சுன்னு இருக்கு பாரு" என்று மாமியார் என் செடியைக் காட்டி எதெல்வினாவிடமே சொன்னார். ஜெபமாலை நடுவிலும் அதே வார்த்தைதான் காதில். மாதா மன்னிக்கட்டும்.

ஏப்ரல் 28

என் செடியில் இலைக்கு அடியில் வெள்ளை ஈ. தட்டினால் மாவு பறப்பதுபோலப் பறக்கிறது. எதெல்வினா செடி கரும்பச்சையாகச் செழித்து நிற்கிறது. எப்படி? ஈயை இந்தப் பக்கம் விரட்டுகிறாளா? யாருக்கும் தெரியாமல் மருந்து அடிக்கிறாளா?

"சந்தேகமா இருந்தா போய் அவகிட்டயே கேளேன்" என்கிறார் அபேலார்தோ. கேட்க மாட்டேன். செத்தாலும் மாட்டேன்.

ஏப்ரல் 30

இன்னும் அழுத்தித் துடைத்தேன். ஈ கூடுதலாகிவிட்டது.

மே 9

சுவரேறிக் கள்ளிப் புதருக்குள் போன ஒரு கிளை. முள்ளுக்குப் பயந்து நான் கை வைக்காத கிளை. அது மட்டும் பச்சைப்பசேல். சுணை அடர்ந்திருக்கிறது, குட்டி ஈக்கள் கால் சிக்கிச் செத்திருக்கின்றன. கீழே வந்து துடைத்த இலையைத் தடவிப் பார்த்தேன். வழுவழு. ஈ சொகுசாக உட்கார்ந்திருக்கிறது.

நானேதான். காவலுக்கு நின்றதைக் கழுவி ஊத்திட்டேனே, அழுக்குன்னு நினைச்சு!

அதைவிட, அவள் ஒன்றுமே செய்யாமல் ஜெயிக்கிறாளே — அதுதான் எரிகிறது.

மே 19, தூய ஆவி ஞாயிறு

எதெல்வினா கையில் வாளி, துணி. முதல் வரிசையைத் துடைத்து முடித்துவிட்டாள். அபேலார்தோ சுவரோரம் நின்று ஏனென்று கேட்டது என் காதில் விழுந்தது.

"அத்தை என்னைத் தோட்டக்காரின்னுதான் சொல்வாங்க மச்சான். சுத்தம்னா அக்காதான். எனக்கும் ஒருநாள் அந்தப் பேர் வேணாமா?"

அவளுக்கு என்மேல் பொறாமையா? என்மேலா!

நான் வாயைத் திறக்காவிட்டால் போதும். ஜூனுக்குள் அவள் செடியும் என் செடி மாதிரி ஆகிவிடும். பின்னே விதை யாருக்கும் இல்லை. வயிறு குளிர்ந்தது. பாவம் என்று தெரிந்தும் குளிர்ந்தது.

மே 20

அவள் செடியும் போனால் பள்ளத்தாக்குக்கே விதை இல்லை, சொல்லத்தான் வேண்டும். நேரில் சொன்னால் சிரிப்பாள். அதைத் தாங்க மாட்டேன். விடிந்ததும் அபேலார்தோவிடம் சீட்டு கொடுத்தனுப்பினேன். எழுதியது இதுதான்:

எதெல்வினா, இலையைத் துடைக்காதே. அந்தச் சுணையும் பிசினும்தான் பூச்சியைப் பிடிக்கிறது. துடைத்துத்தான் என் செடியைக் கெடுத்தேன். வந்து கள்ளிப் புதர்ப் பக்கத்துக் கிளையைப் பார். விதை உன் வீட்டிலேயே இருக்கட்டும். மற்ற வரிசைகளில் கை வைத்துவிட்டாயா? சீக்கிரம் பதில் சொல்.