சனிக்கிழமைக் கார்

ஒக்டோபர் 7, செவ்வாய்

மழை. சப்பாத்துக்குள் தண்ணீர். பிரெஞ்சுத் தேர்வு சுமார். கணித வீட்டுப்பாடம் பாதிதான்.

போர்வைக்குள் கைபேசி வெளிச்சத்தில் எழுதுகிறேன். அடுத்த அறையில் அம்மா இருமுகிறார். இருமல் நிற்கும்போதெல்லாம் நானும் பேனாவை நிறுத்துகிறேன்.

இன்று அம்மா வேலையால் வர முன்னர் கராஜுக்குப் போனேன். பின்வளவு முடிவில், சந்துப் பக்கம் திறக்கும் கராஜ். அதற்குள் அப்பாவின் பழைய மஸ்டாங் கார். எங்கள் மூவரையும் விட வயது கூடியது. அமெரிக்காவில் ஏதோ ஒரு கொட்டகையில் கிடந்து, கப்பலில் வந்தது. பாதி உடம்பு சிவப்பு அடிப்பூச்சு, பாதி பழைய பச்சை. ஸ்டியரிங் இடப்பக்கம். நான் வலப்பக்கம் ஏறி இருந்தேன். அதுதான் என் இடம். அப்பாவின் இருக்கையில் அவருடைய பழைய சுவெட்டர். முகத்தை வைத்தேன். பெற்றோல், கிறீஸ், கொஞ்சம் சவர்க்காரம். பிறகு வெளியே வரவே பயமாக இருந்தது.

அப்பா இப்போது நகரத்தின் மறுபக்கம், ஹரோவில். ஈஸ்டர் விடுமுறையில் இரண்டு பைகளோடு போனார். ஏன் என்று எனக்கு முழுதாகச் சொல்லவில்லை. "பிறகு சொல்லுறம்" என்றார்கள், இருவரும். அதிலாவது ஒற்றுமை.

ஆனால் சனிக்கிழமைகளில் வருகிறார். என்னைப் பார்க்க என்று அவர் சொல்வார். காருக்காக என்று அம்மா சொல்வார். ஹரோவில் அவருக்கு ஓர் அறை மட்டும், காரை வைக்க இடமில்லை. ஓடாத காரைக் கட்டி இழுத்துக்கொண்டு போகவும் மாட்டார். "இதென்ன செத்த மாடே? தன்ர காலாலதான் போகும்."

அதனால் கார் ஓடாத வரைக்கும் சனிக்கிழமை உண்டு.

ஒக்டோபர் 10, வெள்ளி

அம்மாவோடு முருகன் கோயில். தரை ஐஸ் மாதிரி. வரிசையில் எனக்குப் பின்னால் இரண்டு அன்ரிமார், என்னைக் காணாததுபோல்:

"அவர் இன்னும் வந்து போறவராமே?"

"ஓம், காருக்கு."

"காருக்கோ!"

"பின்னை ஆருக்கு?"

சிரிப்பு. அம்மாவுக்கும் கேட்டிருக்கும். எனக்குத் திருநீறு பூசும்போது விரல் கொஞ்சம் அழுத்தியது.

நான் என்ன வேண்டிக்கொண்டேன் என்று இங்கே எழுத மாட்டேன்.

கார் ஓடக் கூடாது என்று வேண்டிக்கொண்டேன். மயிலில் போகிறவருக்கு இந்தக் கதையெல்லாம் விளங்குமோ தெரியாது.

ஒக்டோபர் 11, சனி

வெயில், ஆனால் குளிர். அப்பா ஒன்பது மணிக்கே வந்துவிட்டார். நான் ஜன்னலில் நின்றது அவருக்குத் தெரியாது.

காலை முழுக்க முன் சில்லுகளுக்குப் புதிய டிஸ்க் பிரேக். பழையதை விட்டால், நில் என்றால் யோசித்துத்தான் நிற்குமாம். அவர் கீழே படுத்திருந்தார், நான் உள்ளே இருந்து பெடலை மிதித்தேன். "மிதி. பிடி. பிடியடி. விடு." கால் நோகிறது. இப்போதும் நோகிறது. நல்ல நோ.

தேத்தண்ணி என் கையில்தான் போகும்.

அம்மா, சமையலறை வாசலில் நின்று: "கொப்பரிட்டக் கேள், சீனி காணுமோ எண்டு."

அப்பா, கராஜ் வாசலில் நின்று: "கொம்மாட்டச் சொல்லு, காணுமெண்டு."

நடுவில் ஒரு கொடிக்கம்பியும் என் பள்ளிச் சீருடையும் மட்டும். ஒருவர் சொல்வது மற்றவருக்கு நன்றாகக் கேட்கும். ஆனாலும் நான் திருப்பிச் சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் இருவரும் அப்படியே காத்துக்கொண்டு நிற்பார்கள்.

பிறகு அப்பா டிஸ்ட்ரிபியூட்டரைத் திறந்து, உள்ளே சுற்றும் சின்னக் கறுப்புத் துண்டைக் கழற்றிக் காட்டினார். ரோட்டர் ஆர்ம். என் பெருவிரல் அளவு. எட்டு சிலிண்டருக்கும் முறை வைத்துத் தீப்பொறி கொடுப்பது இதுதான். "இது இல்லாட்டி இவ்வளவு பெரிய எஞ்சினும் சும்மா இரும்பு." துடைத்து ஐஸ்கிரீம் டப்பாவுக்குள் வைத்தார், கடைசியாகப் பூட்டுவதற்கு.

காரில் மிச்சம்:
– பற்றறி
– பெற்றோல் குழாய் ஒன்று
– ரோ.ஆ.
– தேசிக்காய்

கடைசி பகிடி இல்லை. நாலு சில்லுக்குக் கீழேயும் தேசிக்காய் வைத்து நசித்துத்தான் காரை வெளியே எடுப்பாராம்.

"அடுத்த சனி ஸ்டார்ட் பண்ணுறம், குஞ்சு. ஹரோவில செல்வம் மாமான்ர கராஜில இடம் இருக்கு. அங்கை கொண்டுபோய்ப் பெயின்ற் அடிப்பம்."

"அப்ப சனிக்கிழமை?"

"நீ அங்கை வரலாம்தானே. ட்ரெயின் இருக்கு."

ட்ரெயின் இருக்கு. ஓம். அங்கே கொடிக்கம்பி இல்லை. அம்மா இல்லை.

ஒக்டோபர் 14, செவ்வாய்

நேற்று ரோ.ஆ.வை எடுத்துவிட்டேன். நேற்று எழுதக்கூடப் பயம்.

எங்கே ஒளிப்பது? என் அறையை அம்மா கூட்டுவார். பள்ளிப் பையில் வைத்தால் பள்ளியில் யாராவது கேட்பார்கள். கடைசியில் இடியப்ப உரல். அப்பா போனதிலிருந்து அம்மா இடியப்பம் அவிப்பதில்லை. "ரெண்டு பேருக்கு ஆர் உதைப் பிழியிறது?" உரல் அலமாரியின் மேல் தட்டில், பழைய கேக் தட்டுகளுக்குப் பின்னால். யாரும் தொட மாட்டார்கள். உள்ளே போட்டேன். அளவாகப் பொருந்தியது.

எத்தனை முறை கழுவியும் கையில் எண்ணெய் மணம். புவியியல் வகுப்பு முழுக்கக் கையை மேசைக்குக் கீழேயே வைத்திருந்தேன்.

அப்பா கேட்டால்? எனக்குப் பொய் வராது. காது சுடும். அவருக்கு அது தெரியும்.

ஒக்டோபர் 17, வெள்ளி

அம்மா வேலையால் வந்து கோட்டைக் கழற்றிக்கொண்டே, "நாளைக்கு இடியப்பம் அவிப்பம்."

"ஏன்?"

"கடைசியா வாறார்தானே."

"பாண் காணும், அம்மா."

"உன்னை ஆர் கேட்டது?"

கதிரையை இழுத்தார். ஏறினார். நான் குளியலறைக்குள் போய்ப் பூட்டிக்கொண்டு தண்ணீரைத் திறந்துவிட்டேன். இப்போது கூப்பிடுவார், இப்போது கூப்பிடுவார். கூப்பிடவில்லை.

வெளியே வந்தபோது உரல் கழுவிக் கவிழ்த்தபடி. அம்மா வெங்காயம் அரிந்துகொண்டிருந்தார். கண்ணில் தண்ணீர். வெங்காயமாக இருக்கலாம்.

"மேல வைச்ச சாமான் எல்லாம் ஒரே ஊத்தை" என்றார். அவ்வளவுதான்.

நாளை அப்பாவிடம் கொடுத்துவிடுவார். என்னை முன்னால் நிறுத்தி வைத்துக் கொடுப்பார். கார் போய்விடும், அப்பாவும் போய்விடுவார், நான் கள்ளியாகவும் இருப்பேன்.

ஒக்டோபர் 18, சனி

முழுவதையும் எழுத வேண்டும். மறக்கக் கூடாது.

அப்பா அயர்ன் பண்ணிய ஷேர்ட்டோடு வந்தார். கையில் ஒரு பை நிறையத் தேசிக்காய். "கிரீன் ஸ்ட்ரீட் கடையில நாலு தனியத் தரமாட்டானாம்." பற்றறி பூட்டினார். குழாய் பூட்டினார். டப்பாவைத் திறந்தார்.

டப்பாவைக் கவிழ்த்தார். சுவர்த் தட்டுகளில் தேடினார். காருக்குக் கீழே டோர்ச் அடித்தார்.

"குஞ்சு, கண்டனியோ?"

"எதை?" காது சுட்டது.

"எலி கொண்டுபோச்சோ?" தலையைச் சொறிந்தார். "கொம்மாட்டக் கேள், ஆரும் கராஜுக்க வந்தவையோ எண்டு."

நான் திரும்ப முன்னரே அம்மா கராஜ் வாசலில். கையில் தட்டு: இடியப்பம், சொதி, சம்பல். அப்பா போன பிறகு அவர் அந்த வாசலுக்கு வந்ததே இல்லை. என்னைப் பார்க்கவில்லை. அப்பாவைப் பார்த்துச் சொன்னார்:

"ஒருத்தரும் வரேல்லை."

என்னிடம் இல்லை. அவரிடம். நேரே.

அப்பா பழக்கத்தில் என் பக்கம் திரும்பினார். நான் திருப்பிச் சொல்லத் தேவையில்லை என்று விளங்க எனக்கும் கொஞ்ச நேரம் எடுத்தது.

"ஆறப்போகுது. சாப்பிட்டிட்டுத் தேடுங்கோ."

காரின் பின்பக்கத்தில் தட்டை வைத்து, நின்றபடியே சாப்பிட்டார். முதல் வாயிலேயே மோந்து பார்த்தார். "என்ன, கிறீஸ் மணக்குது?"

"உங்கட கைதான்."

அப்பா தன் கையைப் பார்த்தார். அம்மாவைப் பார்த்தார். பிறகு என்னை, கனநேரம். "எலியெண்டா வயரைத்தான் கடிக்கும்" என்றார். சிரித்தாரோ தெரியாது. இன்னும் இரண்டு இடியப்பம் கேட்டார். அம்மாவிடமே கேட்டார்.

புதியதற்குக் கைபேசியில் ஓர்டர் போட்டார். விலாசம் அடிக்கும் இடத்தில் விரல் நின்றது. நான் தோளுக்குப் பின்னால் நின்று பார்த்தேன். இந்த வீட்டு விலாசத்தை அடித்தார்.

தேசிக்காய்ப் பையை விட்டுவிட்டுப் போய்விட்டார்.

ஒக்டோபர் 19, ஞாயிறு

மழை. அம்மா தேசிக்காய்களைக் கீறி, உப்பு அடைத்துப் போத்தலில் போட்டார்.

"பூசைக்கு வாங்கினது, பிழையில்லையோ?"

"சில்லு ஏறேல்லைத்தானே." ஊறுகாய் ஊறக் கன கிழமை செல்லும் என்றார். அப்பாவுக்குத்தான் பிடிக்கும். எனக்கும் அம்மாவுக்கும் ஊறுகாய் ஆகாது.

ரோ.ஆ. எங்கே என்று நான் கேட்கவில்லை. அவரும் சொல்லவில்லை. உரலுக்குள் பார்த்தேன், இல்லை. மிக்ஸிக்குள் இல்லை. அரிசி வாளிக்குள்ளும் இல்லை.

பயம் போகவில்லை. புதியது வந்துவிடும். ஒரு கார் எவ்வளவு நாளைக்கு ஓடாமல் இருக்கும்? ஆனால் கண்ணை மூடினால் "சாப்பிட்டிட்டுத் தேடுங்கோ" கேட்கிறது. அதை இன்னொரு முறை கேட்க வேண்டும். ஒரே ஒரு முறை. இல்லை, ஒரு முறை காணாது.

ஒக்டோபர் 23, வியாழன்

பெருங்காற்று. சந்தில் யாருடையதோ குப்பை வாளி உருளுகிறது. வரலாறு வீட்டுப்பாடம் முடிந்தது.

பள்ளியால் வந்தபோது அம்மா சமையலறையில், கோட்டுக்கூடக் கழற்றாமல் நின்றார். கையில் தபாலில் வந்த சின்னப் பெட்டி. அப்பாவின் பெயர், எங்கள் விலாசம். பிரிக்கவில்லை. காதுக்குப் பக்கத்தில் வைத்துக் குலுக்கிப் பார்த்தார். அடுப்பருகே கழுவி வைத்திருந்த உரலைப் பார்த்தார். உரல் இனி அலமாரியின் மேல் தட்டுக்குப் போகாது, சனிக்கிழமை வேண்டும்.

பிறகு என்னைப் பார்த்தார்.

"இதை எங்கை வைப்பம், பிள்ளை?"