கிடா விருந்தை நிறுத்துங்கள்

அன்புள்ள மாமாவுக்கு,

சத்யா எழுதுகிறேன். இன்று காய்ச்சல் இல்லை. காலையில் இரண்டு இட்லி உள்ளே போனது. அதனால் அதைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம். கவலைப்பட வேறு விஷயம் இருக்கிறது. போனில் பேசினால் பாதியிலேயே அத்தையிடம் கொடுத்துவிட்டு நழுவிவிடுவீர்கள். அதனால்தான் தம்பி ரமேஷ்குமாரிடம் இதைக் கொடுத்தனுப்புகிறேன். பண்ணையிலிருந்து முட்டை வண்டி கிளம்பிய பிறகு தனியாக உட்கார்ந்து படியுங்கள்.

என் தம்பியைத் திட்டாதீர்கள். அவன் பந்தல்காரனோடு போனில் பேசியது கதவுக்கு வெளியிலிருந்து எனக்குக் கேட்டுவிட்டது. நான் கேட்டதும் திருதிருவென்று விழித்துவிட்டு எல்லாவற்றையும் சொன்னான். ஞாயிற்றுக்கிழமை எனக்கு டிஸ்சார்ஜ். புதன்கிழமை குலதெய்வம் கோயிலில் கிடா வெட்டு. முந்நூறு பேருக்குச் சொல்லியாகிவிட்டதாம். டவுனில் ஃபேர்லேண்ட்ஸில் எனக்காகப் பார்த்து வைத்திருந்த வாடகை வீட்டையும் வேண்டாமென்று சொல்லிவிட்டீர்களாம். கேட்டதும் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

ஆறு வருடமாகச் சொல்லிச் சொல்லி வாய் வலிக்கிறது. எனக்குப் புற்றுநோய் இல்லை. உடம்பைக் காக்க வேண்டிய வெள்ளை அணுக்களே புத்தி கெட்டுப்போய் என் நரம்புகளின் மேலுறையை அரிக்கின்றன. அவற்றை அழிக்கத்தான் கீமோ கொடுத்தார்கள். அதற்கு முன்பே என் ரத்தத்திலிருந்து, புது அணுக்களை உண்டாக்கும் ஸ்டெம் செல்லைப் பிரித்து உறைய வைத்திருந்தார்கள். கீமோ முடிந்ததும் அதைத் திருப்பி ஏற்றினார்கள். ஏறும்போது, உறைய வைக்கச் சேர்த்த மருந்தால் அறை முழுக்கப் பூண்டு வாசனை, குமட்டிக்கொண்டு வந்தது. இதை நான் ஒருத்தி பட்டுக்கொண்டிருக்க, கீமோவில் முடி கொட்டிய என் மொட்டையை, சாமிக்குக் கொடுத்த முடி என்று அத்தை ஊரில் சொல்லி வைத்திருக்கிறாராம். நம் மகள் கிருத்திகாவிடமாவது உண்மையைச் சொல்லுங்கள். ஒன்பது வயதுப் பிள்ளைக்கு அது புரியும்.

உங்களுக்குப் புரிகிற மாதிரி சொல்கிறேன். பழைய கோழிகள் போனதும் ஷெட்டைக் கழுவி, சுண்ணாம்பு அடித்து, காலியாகப் போட்டு வைத்து, பிறகுதானே புதுக் குஞ்சு இறக்குகிறீர்கள்? இறக்கிய பிறகு யாரையாவது உள்ளே விடுவீர்களா? போன தையில் ஆசையாகப் பார்க்க வந்த என் சித்தப்பாவை, வேறு பண்ணைக்குப் போய்வந்த கால் என்று கேட்டிலேயே நிறுத்தினீர்கள். அவர் இன்னும் அதைச் சொல்லிக் காட்டுகிறார். என் உடம்பு இப்போது அந்தக் குஞ்சு ஷெட் மாதிரிதான் இருக்கிறது. சின்ன வயதில் போட்ட தடுப்பூசியைக் கூடத் திரும்பப் போட வேண்டுமாம். குஞ்சுக்கு இருக்கிற சட்டம் பொண்டாட்டிக்கு இல்லையா?

கூட்டம் கூடாது, ஆறு மாதத்துக்குக் கோழிப்பண்ணைப் பக்கமே போகக் கூடாது என்று டாக்டரம்மா எழுதியே கொடுத்திருக்கிறார். நம் சமையலறை ஜன்னலைத் திறந்தால் ஷெட்டுத் தூசி வந்து அடுப்பில் விழும். அந்த வீட்டுக்கு எப்படி வருவேன்?

உங்கள் அப்பா சொன்னதையும் தம்பி சொன்னான். "ஆஸ்பத்திரியில இருந்து வார புள்ள வாடகை ஊட்டுல இருந்தா ஊரு என்ன பேசும்? மருமவ நடந்து வாரத எல்லாரும் பாக்கோணும்" என்றாராம். அவர் மேல் எனக்குக் கோபமில்லை. உங்கள் மேல்தான் கோபம். முதல் நாளே டாக்டரம்மா நம் இருவரையும் வைத்துக்கொண்டுதான் சொன்னார். இந்தச் சிகிச்சை நோய் மேலே போகாமல் நிறுத்தலாம், போன சக்தி திரும்பும் என்று நம்ப வேண்டாம் என்றார். நீங்கள் ஜன்னலைப் பார்த்துக்கொண்டு தலையாட்டினீர்கள். ஊருக்குப் போய் நான் ஓடி வருவேன் என்று சொல்லியிருக்கிறீர்கள்.

நேற்று நர்ஸ் கையைப் பிடித்துக்கொண்டு பாத்ரூம் வரை நடந்தேன். இடது கால் முன்பு போலவே இழுக்கிறது. இனியும் இழுக்கத்தான் செய்யும் என்று நினைக்கிறேன். எனக்குப் பயமாக இருக்கிறது மாமா. சாவை நினைத்து அல்ல. பந்தலில் முந்நூறு பேர் சாப்பிட்டுக்கொண்டே என் காலைப் பார்ப்பார்களே, அதை நினைத்துத்தான்.

கிடாவை அடுத்த வருடம் வெட்டலாம், சாமி கோபித்துக்கொள்ளாது. ஃபேர்லேண்ட்ஸ் வீட்டுக்காரரிடம் மறுபடியும் போய்ப் பேசுங்கள். உங்கள் அப்பாவிடம் என் காலைப் பற்றி நீங்களே சொல்லுங்கள். என்னைச் சொல்ல வைக்காதீர்கள்.

ஞாயிற்றுக்கிழமை குளித்துவிட்டு, ஷெட்டுக்குப் போகாத சட்டை போட்டு, மாஸ்க்கோடு தனியாக வாருங்கள். இரண்டு வருடமாக என் இடது செருப்பு வழியில் கழன்றுவிடும், கால் மரத்திருப்பதால் எனக்குத் தெரியாமலே நடந்துவிடுவேன். நீங்கள் பின்னால் வந்து எடுத்து, குனிந்து காலருகில் வைப்பீர்கள். ஒரு தடவை கூட அதை யாரிடமும் சொன்னதில்லை. இனிமேலும் அது கழலும். அப்போது பின்னால் நீங்கள் ஒருவர் வந்தால் எனக்குப் போதும்.

வழி பார்த்துக்கொண்டிருக்கும்,
உங்கள் சத்யபிரியா