நிழல் புள்ளி

அக்கா,

செவ்வாய்க்கிழமை போனில், “கண்ணு எப்படிடி இருக்கு? அந்தக் கண்ணாடியத் தூக்கிப் போட வெச்சது நான்தானே!” என்று சிரித்தாய். பதினோரு வருஷத்துக்கு முன் உன் பேச்சைக் கேட்டு லேசர் செய்த கருவிழி இப்போது மெலிந்து பிதுங்குகிறது என்று நான் சொல்லவில்லை. கெட்டி லென்ஸ் போட்டால்தான் எழுத்து தெளிகிறது. ஆறு மணி நேரத்துக்கு மேல் கண் தாங்குவதில்லை.

அன்று மாலை அச்சகத்தில் லென்ஸைக் கழற்றிவிட்டுத்தான் இருமல் மருந்து லேபிளுக்கு மெய்ப்புப் பார்த்தேன். எல்லா எழுத்துக்கும் நிழல் விழுந்தது. 2.5 மில்லியில் இருந்த புள்ளியையும் நிழலென்று நினைத்து நீக்கிவிட்டேன்; அளவு 25 மில்லி ஆகிவிட்டது.

குழந்தைகளுக்கான மருந்து, அக்கா.

உன்மேல் கோபமில்லை. எனக்கு வேறு வேலை தெரியாது.

மறுநாள் காலை லென்ஸோடு பார்த்ததும் ஓடிப்போய்ச் சொன்னேன். அச்சை நிறுத்தினார்கள். என்னையும் வேலையிலிருந்து நிறுத்திவிட்டார்கள்.

உன் தங்கை