நிறுத்திய மாத்திரை

தென்காசி
27 ஏப்ரல் 2025

அன்புள்ள மச்சானுக்கு முஹ்ஸினாவின் ஸலாம்.

கட்டின பெண்டாட்டி போனில் பேசாமல் இதென்ன கடுதாசி என்று சிரிக்காதீர்கள். நீங்கள் கூப்பிட்டால் மாமி ஸ்பீக்கரில் போட்டுத்தான் தருகிறார்கள். நான் வாய் திறக்குமுன் ஹஸீபா மதினி அடுப்படியிலிருந்து பதில் சொல்லிவிடுகிறாள். உங்கள் ரூமிலோ ஆறு பேர். இந்த விஷயத்தை அத்தனை காதிலும் போட எனக்கு வெட்கமாக இருக்கிறது. மூசா மாமா வெள்ளிக்கிழமை ஷார்ஜா வருகிறார். உங்கள் உம்மா கட்டிய பார்சலில் சிப்ஸுக்கு அடியில் இதைச் செருகியிருக்கிறேன்.

மாதாமாதம் நான் சுருண்டு கிடப்பது உங்களுக்குத் தெரியும். இந்தத் தடவை என் வாப்பா பொறுக்காமல் திருநெல்வேலிக்கு ஜோதிலட்சுமி டாக்டரிடம் கூட்டிப்போனார். ஸ்கேனில் இரண்டு சினைப்பையிலும் கட்டி. இடப்பக்கம் பெரிது. எண்டோமெட்ரியோசிஸ் என்று பெயர். கருப்பைக்குள் இருக்க வேண்டிய சவ்வு வெளியே போய் வளர்கிறதாம். மாதவிலக்கு வரும்போதெல்லாம் அங்கேயும் ரத்தம் கசிந்து, போக வழியில்லாமல் தேங்கிக் கட்டியாகிவிடுமாம். பழைய ரத்தம் சாக்லேட் நிறத்தில் இருப்பதால் சாக்லேட் கட்டி என்கிறார்கள். நீங்கள் கொண்டுவரும் சாக்லேட்டெல்லாம் மதினி பிள்ளைகளுக்குப் போக, எனக்கென்று மிஞ்சியது இதுதான்.

கட்டியை அறுத்தெடுத்தால் வலி குறையும், ஆனால் கூடவே நல்ல முட்டைகளும் போய்விடும் என்றார் டாக்டர். எனக்கு வயசுக்கு மீறிக் குறைந்திருக்கிறதாம். அறுக்காமல் விட்டால் கட்டியே அவற்றைக் கெடுத்துவிடும். அதனால் முதலில் நீங்கள் வர வேண்டும். நம் இருவருடையதையும் சேர்த்துக் கருவாக்கி உறைய வைத்துவிட்டு, அதன் பிறகு ஆபரேஷன். அதுவரை கட்டி பெரிதாகாமலிருக்க மாத்திரை தந்திருக்கிறார். விலக்கே வராமல் நிறுத்தி வைக்கும் மாத்திரை.

எனக்குப் பயமாக இருக்கிறது மச்சான். நமக்கொரு பிள்ளை இல்லாமலே போய்விடுமோ என்றிருக்கிறது. லீவு கேளுங்கள்.

உங்கள்
முஹ்ஸினா


ஷார்ஜா
16 மே 2025

அன்பு முஹ்ஸினாவுக்கு, வஅலைக்கும் ஸலாம்.

கடிதத்தைப் பாத்ரூமில் வைத்துப் படித்தேன். இங்கே தனியாக இருக்க அது ஒன்றுதான் இடம். இவ்வளவு வலியையும் வைத்துக்கொண்டா போனில் சிரித்துப் பேசினாய்?

கடையில் முகம்மது சலீம் லீவில் போயிருக்கிறான். அவன் திரும்பினால்தான் என்னை விடுவார்கள். அக்டோபர் ஆகும் என்கிறார் முதலாளி. கருவை உறைய வைப்பது பற்றிப் பள்ளிவாசல் ஹஜ்ரத்திடம் கேட்டேன். கணவன் மனைவிக்குள் என்றால் மார்க்கத்தில் கூடும் என்றார். ஆனாலும், நான் வந்து இரண்டு மாதம் கூட இருந்தால் அல்லாஹ் தானாகவே தரமாட்டானா என்றும் மனசு சொல்கிறது.

இன்னொன்று. எழுதக் கை வரவில்லை. உம்மா உன் பீரோவில் மாத்திரை அட்டையைப் பார்த்திருக்கிறாள். வீடுவீடாக வரும் நர்ஸம்மாவிடம் காட்டியதில், கர்ப்பத்தடை மாத்திரை என்று சொல்லிவிட்டாராம். “ஏலே, நீ அங்கன கெடக்கே. இவ இங்கன யாருக்குப் பயந்து இத முழுங்குதா?” என்று உம்மா போனில் அழுகிறாள். கட்டிக்கு மாத்திரை என்று நீ எழுதினாய். நர்ஸ் வேறு சொல்கிறார். உன்மேல் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் கேட்காமலும் இருக்க முடியவில்லை. யாருக்குப் பயந்து முஹ்ஸினா?

கோபித்துக்கொள்ளாதே. மாத்திரையை நிறுத்திவிடு, உம்மா வாய் அடங்கும். மற்றதை நான் வந்து பார்த்துக்கொள்கிறேன். உனக்குப் பிடித்த தைலம் அனுப்பியிருக்கிறேன். வலிக்குத் தேய்.

உன்
உவைஸ்


தென்காசி
2 ஜூன் 2025

மச்சானுக்கு ஸலாம்.

நர்ஸ் பொய் சொல்லவில்லை. அது கர்ப்பத்தடை மாத்திரைதான். அதே மாத்திரைதான் இந்த நோய்க்கும் மருந்து. விலக்கு நின்றால் கட்டிக்குத் தீனி நிற்கும். என் புருஷனுக்கு இதை இவ்வளவு விளக்க வேண்டியிருக்கும் என்று எனக்குத் தோன்றவேயில்லை.

டாக்டரிடம் நீங்களே போனில் கேளுங்கள் என்று மாமியிடம் சொன்னேன். “டாக்டரு ஆயிரம் சொல்லுவாவ. பிள்ளை வேணும்னு நெனைக்கவ தடை மாத்திரை திம்பாளாட்டி?” என்றார்கள். மதினி என் கண்முன்னே என் போனை எடுத்து யார் யார் கூப்பிட்டிருக்கிறார்கள் என்று தள்ளித் தள்ளிப் பார்த்தாள். அவளுக்குக் கிடைத்ததெல்லாம் என் உம்மாவும், கேஸ் சிலிண்டர் புக் செய்த நம்பரும்தான்.

கல்யாணமாகி ஆறு வருஷம். நாம் சேர்ந்திருந்ததைக் கூட்டினால் ஒரு வருஷம் தேறாது. அதற்குள் எனக்கு மலடி என்று பெயர் வைத்தாயிற்று. இப்போது இன்னொரு பெயருக்கும் ஆள் சேர்கிறது. தெருவில் தலை நிமிர முடியவில்லை.

யாருக்குப் பயந்து என்று கேட்டீர்கள். மாத்திரையைத் தின்றது யாருக்கும் பயந்தல்ல. நிறுத்தியதுதான் உங்களுக்குப் பயந்து. ஆமாம், நிறுத்திவிட்டேன். டாக்டர் திட்டுவார் என்று நினைத்தேன். “வீட்டுக்காரரச் சீக்கிரம் வரச் சொல்லும்மா” என்று மட்டும் சொல்லி, கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

அக்டோபர் தூரம். முன்னாலேயே வரப் பாருங்கள்.

முஹ்ஸினா


ஷார்ஜா
20 ஜூலை 2025

என் முஹ்ஸினாவுக்கு,

நீ போனை எடுப்பதில்லை. இடப்பக்கச் சினைப்பையை எடுத்துவிட்டார்கள் என்று உன் வாப்பாதான் சொன்னார். சொல்லிவிட்டு என்னை ஒன்றும் ஏசாமல் வைத்துவிட்டார். அவர் நாலு வார்த்தை ஏசியிருந்தால் தேவலை.

பக்கத்துக் கடை மலையாளியின் மனைவி இங்கே ஆஸ்பத்திரியில் வேலை பார்க்கிறாள். அவளிடம் மாத்திரையின் பெயரைச் சொன்னேன். அவளுக்கும் இதே நோய்தானாம், இதே மாத்திரைதான் தின்றாளாம். அவள் வாயால் கேட்டதும் நம்பினேன். நீ எழுதியபோது நம்பியிருக்க வேண்டும். உம்மாவையும் போனில் கண்டித்தேன். அழுதாள்.

நிச்சயம் அக்டோபரில் வருகிறேன். வலப்பக்கம் இன்னும் ஒன்று இருக்கிறதே. டாக்டர் சொன்னபடியே கருவாக எடுத்து வைப்போம். எனக்காக அதுவரை காத்திரு. என்னை மன்னித்துவிடு.

உன்
உவைஸ்


வடகரை
14 செப்டம்பர் 2025

உவைஸ் மச்சானுக்கு ஸலாம்.

நான் வாப்பா வீட்டில்தான் இருக்கிறேன். நீங்கள் டிக்கெட் எடுத்துவிட்டதாகச் சொன்னார்கள். நீங்கள் வருமுன் சிலதைச் சொல்லிவிடுகிறேன்.

இடப்பக்கத்தை எடுத்த அன்று, சாரல் நன்றாக இருக்கிறதென்று எல்லோரும் ஐந்தருவிக்குப் புறப்பட்டார்கள். எனக்கு விடிந்ததிலிருந்தே வலி. வரவில்லை என்றேன். “அருவித் தண்ணி விழுந்தா நோவெல்லாம் ஓடிப்போவும், வாட்டி” என்று மாமி இழுத்துப்போனார்கள். பெண்கள் பக்கம் கம்பியைப் பிடித்து நிற்கும்போது, ஈரத் துணியைப் பிழிவது போல் உள்ளே யாரோ முறுக்கினார்கள். அங்கேயே உட்கார்ந்து வாந்தியெடுத்தேன். ஞாயிற்றுக்கிழமை, குற்றாலம் ரோடு முழுக்க வேன். ஆட்டோ நகரவில்லை. மாமி என் தலையை மடியில் வைத்து, ஓதி ஊதிக்கொண்டே வந்தார்கள். ஆஸ்பத்திரியில் திறந்து பார்த்தபோது கட்டியின் கனத்தில் சினைப்பை முறுக்கிக் கருத்துப்போயிருந்ததாம்.

மாத்திரை தின்றிருந்தாலும் இது நடந்திருக்கலாம் என்று ஜோதிலட்சுமி டாக்டர் சொன்னார். உண்மையோ, என்னைத் தேற்றச் சொன்னாரோ தெரியவில்லை. மாமிமேல் எனக்குக் கோபம் ஆறிவிட்டது. அவர்களுக்குத் தெரியாது. உங்களுக்கு நான் எழுதியிருந்தேன்.

வலப்பக்கக் கட்டியும் வளர்கிறது. அதை எடுக்குமுன் முட்டைகளைக் காப்பாற்ற வேண்டும். டாக்டர் இரண்டு வழி சொன்னார். உங்களுக்காகக் காத்திருந்து கருவாக வைக்கலாம், அது பிழைக்க வாய்ப்புக் கூடுதல். இல்லையென்றால் என் முட்டையை மட்டும் இப்போதே எடுத்து வைக்கலாம். கருவென்றால் பின்னால் அதைத் தொடவும் இருவர் சம்மதம் வேண்டும். முட்டைக்கு என் சம்மதம் போதும். “அக்டோபர் வரை மாத்திரை தந்து சமாளிக்கலாம். வீட்டுக்காரர் வரட்டுமா?” என்று கேட்டார்.

காத்திருக்க வேண்டாம் என்றேன். கல்யாணமான நாளிலிருந்து உங்களுக்காக நான் காத்திருக்க மறுத்தது இது ஒன்றுதான். என் உம்மா அழுதாள். வாப்பா மட்டும் தினமும் பஸ்ஸில் கூட வந்தார். ஊசி போடும்போது சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றுகொள்வார்.

கிடைத்தது மூன்று. அதிகமாக நம்பாதே என்றும் டாக்டர் சொல்லிவிட்டார். வலப்பக்க ஆபரேஷன் இந்த வியாழக்கிழமை. நீங்கள் வரும்போது எல்லாம் முடிந்திருக்கும். துஆ செய்யுங்கள். தைலப் புட்டியை மாமிக்குக் கொடுத்தனுப்பியிருக்கிறேன், அவர்களுக்கு மூட்டு வலி.

மார்க்கம் எனக்கும் தெரியும் மச்சான். கணவன் இல்லாமல் அந்த முட்டைகள் பிள்ளையாகாது. அந்தக் கணவன் நீங்கள்தானா என்று நான் இன்னும் முடிவு செய்யவில்லை.

முஹ்ஸினா