ரோட்ஸ் கடற்கரையில் வர்சா

அம்மருட், ஒஸ்லோ
ஞாயிற்றுக்கிழமை

அன்புள்ள அண்ணாவுக்கு,

நானும் வர்சாவும் சுகமாக இருக்கிறோம். துரொண்ட்ஹெய்மில் நீங்களும் அண்ணியும் அப்படியே இருக்கவேண்டும். நேற்று என்னைக் கதைக்கவிடாமல் தொலைபேசியை வைத்துவிட்டீர்கள். அதனால்தான் எழுதுகிறேன். முழுவதையும் வாசியுங்கள்.

"கலியாணத்தைக் குழப்பினவளைக் கடலிலை கூத்தாட விட்டிருக்கிறாய். இந்த வயசிலை நீயும் ரப்பர் உடுப்போடை நிக்கிறாய். சனத்துக்கு நான் என்ன சொல்ல?" என்று கேட்டீர்கள். முகநூல் படத்தில் பாய்மரப் பலகையின்மேல் முழங்காலில் நிற்பது நான்தான். அதை அழிக்கச் சொன்னீர்கள். அழிக்கமாட்டேன்.

தாலிக்குப் பொன்னுருக்க நாள் வைத்த பிறகுதான் வர்சா திலக்சனை வேண்டாம் என்றாள். காரணம் கேட்டால், "எனக்கு விருப்பமில்லை" என்பதற்குமேல் ஒரு வார்த்தை வரவில்லை. வேலைக்குப் போவாள், வருவாள், அறைக்கதவைப் பூட்டுவாள். சோற்றைக் கிளறிவிட்டு எழும்பிவிடுவாள். கோயிலில் கண்டவர்களெல்லாம் வேறு பெடியன் இருக்கிறானோ என்று என்னிடமே விசாரித்தார்கள். இப்படியே விட்டால் பிள்ளை எனக்கு மிஞ்சமாட்டாள் என்று பயந்தேன்.

படிக்கிற காலத்திலிருந்தே அவள் தோழிகளோடு ஃபியோர்டுக் கடலில் பாய் பூட்டிய பலகையில் நின்று காற்றோடு ஓடுவாள். கலியாணம் பேசின பிறகு, வெயிலில் கறுத்துப்போவாய் என்று திலக்சன் சொன்னதும் விட்டுவிட்டாள். அந்த விளையாட்டுக்கு மத்தியதரைக் கடலில் ரோட்ஸ் தீவு நல்ல இடம் என்று வேலையிடத்தில் சொன்னார்கள். யாரிடமும் கேட்கவில்லை. இரண்டு பேருக்கும் டிக்கெட் போட்டேன்.

அங்கே காற்று ஓய்வதில்லை. மணல் வந்து காலில் ஊசியாகக் குத்தும். வர்சா பலகையைத் தொடவே இல்லை. துவாயைப் போர்த்திக்கொண்டு கரையில் இருந்தாள். கடைசியில் நானே போய்ப் புதிதாகப் பழகுகிறவர்களோடு பெயர் கொடுத்தேன். அரைகுறையாக நீந்தத் தெரிந்த தாய் கடலில் இறங்குவதைப் பார்த்துக்கொண்டிருக்க முடியாமல் அவளும் எழும்பி வந்தாள். நான் விழுந்தேன், ஏறினேன், திரும்பவும் விழுந்தேன், உப்புத் தண்ணீர் குடித்தேன். அவள் வாய்விட்டுச் சிரித்தாள். அந்தச் சத்தத்தைக் கேட்டு எத்தனை மாதம், அண்ணா. அந்தப் படம் அப்போது அவள் எடுத்ததுதான்.

பிறகு தானே ஒரு பாயை எடுத்துக்கொண்டு வெளியே போனாள். அலை ஒன்றில் பாய் சரிந்து ஆள் மறைந்தபோது நான் கத்திவிட்டேன். பயிற்சி கொடுத்த பெண் என் தோளைப் பிடித்து, பொறுத்துப் பார் என்றாள். வர்சா பலகையில் ஏறினாள். பாயை இழுத்து நிமிர்த்தி, முதுகைப் பின்னால் சாய்த்து, அவ்வளவு காற்றையும் இரண்டு கையால் பிடித்துக்கொண்டு கரைக்கு வந்தாள்.

அன்று பின்னேரம் பொரித்த மீனை ஆசையாகச் சாப்பிட்டாள். சாப்பிட்டுக்கொண்டே சொன்னாள். வேலையை விடமாட்டேன் என்றதற்குத் திலக்சன் காருக்குள் வைத்து அவளுடைய மணிக்கட்டை முறுக்கியிருக்கிறான். ஒரு முறை மட்டுமல்ல. ஏன் என்னிடம் சொல்லவில்லை என்று கேட்டேன். "மாமா பேசின சம்பந்தம் அம்மா. தெரிஞ்சால் அவர் எல்லாற்றை முன்னாலையும் தலைகுனிஞ்சு நிக்கவேணும். அதைவிடச் சனம் என்னைப் பற்றிக் கதைக்கட்டும்" என்றாள்.

உங்களிடம் சொல்லவேண்டாம் என்றும் கேட்டாள். நான் அதற்கு ஓம் சொல்லவில்லை.

வர்சாவின் அப்பா போன பிறகு எங்களுக்கு நீங்கள் செய்ததை நான் மறக்கவில்லை. நீங்கள் சொன்ன எதற்கும் இதுவரை மறுத்துப் பேசியதும் இல்லை. ஆனால் வருகிற சனிக்கிழமை நீங்கள் திலக்சனையும் தாய் தகப்பனையும் சமாதானம் பேசக் கூட்டிவருவதாக அண்ணி சொன்னா. அவர்கள் என் வீட்டு வாசலில் செருப்புக் கழற்ற நான் விடமாட்டேன். சனம் கதைக்கிறதைக் கதைக்கட்டும். அடுத்த கோடையிலும் வர்சா ரோட்ஸுக்குப் போவாள். நானும் போவேன்.

நீங்கள் வாருங்கள், அண்ணா. தனியாக வாருங்கள். அவளிடம் ஒன்றும் கேட்கவேண்டாம், ஒன்றும் சொல்லவும் வேண்டாம். அவளுடைய தலையில் ஒருக்கா கையை வைத்துவிட்டுப் போங்கள்.

உங்கள் தங்கை,
தர்மினி