அப்பா அனுப்பாத தோட்டாக்கள்

அன்புள்ள ஆண்டர்ஸ்,

மான்டானாவில் நானும் நாயும் நன்றாக இருக்கிறோம், அலாஸ்காக் குளிரில் நீயும் இங்கரிட்டும் குழந்தையும் சளி காய்ச்சல் இல்லாமல் இருக்க வேண்டுமென்று கர்த்தரை வேண்டிக்கொள்கிறேன். மற்ற சேதியெல்லாம் அப்புறம். முதலில் அந்தத் தோட்டாப் பெட்டியை எடுத்துப் பூட்டி வை. ஒன்றைக்கூடச் சுடாதே. அதை நான் அனுப்பவில்லை.

உன் அப்பா கையால் அடைத்த கடைசிப் பெட்டிக்கு நன்றி, அவர் பிறந்தநாளன்று குழந்தையைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு அவருடைய ரிவால்வரில் சுடப்போகிறேன் என்று நீ எழுதியதைப் படித்ததும் கடிதத்தோடு எழுந்துவிட்டேன். அப்பா அடைத்ததெல்லாம் அவர் இருக்கும்போதே தீர்ந்துவிட்டது. அடக்கம் முடிந்த மறுநாள் நானே நிலவறைக்குப் போய் வெடிமருந்துக் குடுவையைக் காலி செய்து துடைத்துக் கவிழ்த்து வைத்தேன். இப்போது உன் கடிதத்தோடு கீழே இறங்கிப் பார்க்கிறேன், குடுவை நிமிர்ந்து நிற்கிறது, பாதிக்கு மருந்து இருக்கிறது, என்ன மருந்து என்று தெரியப் பக்கத்தில் ஒரு டப்பாகூட இல்லை. நாய் படிக்கட்டிலேயே நின்றுவிட்டது, எத்தனை கூப்பிட்டும் வரவில்லை.

பக்கவாசல் சாவி இன்னொன்று யாரிடம் இருக்கிறது என்று யோசித்தபோதுதான் எதிர்வீட்டு ஆர்வில் மாமா ஞாபகம் வந்தது. அப்பாவும் அவரும் அந்த நிலவறையில் உட்கார்ந்து அடைத்த தோட்டாவுக்குக் கணக்கே இல்லை, உனக்குத் தெரியும். பாவம், மனுஷனுக்கு இந்த வருஷம் நினைவு தப்பிக்கொண்டே வருகிறது. போய்க் கேட்டேன். ஆமாம், ஹால்வர்தான் பையனுக்கு அனுப்பச் சொன்னான் என்கிறார், உன் அப்பா உயிரோடிருப்பது போல, கொஞ்சமும் கூசாமல். அளவு அப்பாவுடையது, மருந்து தன் வீட்டிலிருந்து கொண்டுபோய்க் கொட்டியது. அப்பாவுடையது நிதானமாக எரிகிற மருந்து, இது படுவேகம், அதே அளவு போட்டால் துப்பாக்கியையே பிளந்துவிடும். மருந்து மாறினால் புத்தகத்தில் போட்டிருக்கிற குறைந்த அளவுக்குத் திரும்பிப் போக வேண்டாமா, உங்களுக்குப் புத்தி எங்கே போயிற்று என்று கத்திவிட்டேன். அவர் சிரிக்கிறார். "நாங்க ரெண்டு பேரும் எப்பவோ அளவை ஏத்தி முடிச்சாச்சே லெனா, மறுபடி எதுக்கு அடியிலேருந்து?"

அவர் வலது கையில் பெரிய கட்டு. டிரக் கதவில் நசுங்கியது என்று கடையில் எல்லோரிடமும் சொல்லியிருக்கிறார். அடுக்களை மேஜையில் அவருடைய ரிவால்வர் கிடக்கிறது, உருளை பிளந்து, மேல்பக்கம் பிய்த்துக்கொண்டு போயிருக்கிறது. இது என்ன என்றேன். "எனக்கென்ன தெரியும், ஹால்வர்தான் பக்கத்துல நின்னான், அவனைக் கேளு." எனக்கு அழுகையே வந்துவிட்டது.

உங்கள் முகாமுக்குப் போன் கிடைக்கவில்லை, புயலுக்கு அப்புறம் ஊமையாகவே இருக்கிறது. தபால் விமானக்காரரிடம் வாயாலும் சொல்லச் சொல்லியிருக்கிறேன். அப்பாவின் அளவை எழுதி அனுப்பு என்று கேட்டிருந்தாய், மாட்டேன். அது அந்த மருந்துக்கும் அந்தக் குண்டுக்கும் அவர் ஏற்றிய அளவு. நீ வாங்கும் மருந்துக்கு அந்தக் கம்பெனி போட்ட புதுப் புத்தகத்தைப் பார்த்து, குறைந்த அளவில் தொடங்கி, கொஞ்சம் கொஞ்சமாக ஏற்று. மேஜையில் ஒரே ஒரு மருந்து டப்பாதான் இருக்க வேண்டும். குண்டை வைக்குமுன் ஒவ்வொரு தோட்டாக் கூட்டுக்குள்ளும் விளக்கடித்துப் பார். சுடும்போது புஸ்ஸென்று மட்டும் கேட்டால் அடுத்ததை அழுத்தாதே, குழலுக்குள் குண்டு நின்றிருக்கும். அவசரப்படுவதில் நீ அப்படியே உன் அப்பா, அதனால்தான் இத்தனை சொல்கிறேன். ஹக்கிள்பெரி ஜாம் ஒரு ஜாடி வைத்திருக்கிறேன், குழந்தைக்கு.

இந்த வரியை எழுதும்போது கீழே நிலவறையில் தோட்டா அடைக்கிற அந்த அழுத்துக் கருவியின் கைப்பிடி இறங்கி ஏறுகிற சத்தம் கேட்கிறது. என்னோடு வந்த ஆர்வில் மாமா என் எதிரில்தான் காப்பி குடித்துக்கொண்டிருக்கிறார், கட்டுப்போட்ட கையை மடியில் வைத்துக்கொண்டு. அவருக்கும் கேட்டது. "பயப்படாதே லெனா," என்கிறார், "ஹால்வர் இந்தத் தடவை அடியிலேருந்துதான் ஆரம்பிக்கிறான்."

பெட்டியைப் பூட்டினேன் என்று ஒரு வரி எழுதிப் போடு, அதுவரை எனக்குத் தூக்கம் வராது. கர்த்தர் உன் கைகளையும் குழந்தையின் கண்களையும் காப்பாராக.

உன் அம்மா,
லெனா